தங்கபுஷ்பம் வரட்டும்

காலை ஆறு மணிக்கு ட்ரோன் வரும். பறவி என்போம். எங்கள் வீட்டுக்கும் எதிர் வீட்டுக்கும் பொதுவான இணைப்பெட்டியில் பாலை வைத்துவிட்டுப் போகும். இரண்டு வீட்டுப் பெருவிரல்களும் சேர்ந்து அரை நிமிடம் அழுத்தினால்தான் பெட்டி திறக்கும்.

எழுபது கடந்தவர்களுக்காகக் கட்டிய குடியிருப்பு இது. எல்லாம் வாசலுக்கே வந்துவிட்ட காலத்தில், கதவுக்குள் செத்து நாட்கணக்கில் கிடந்தவர்களைப் பார்த்த பிறகு இப்படி அமைத்தார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு ரேகைதான். புதியது பதிந்தால் பழையது அழிந்துவிடும்.

எங்கள் வீட்டு ரேகை என் மனைவி தங்கபுஷ்பத்துடையது. எதிர் வீட்டில் தனியாக இருந்த மைமூனோடு அவளுடைய அரை நிமிடம் அரை மணி நேரமாகும்.

"மாடு பிடிச்சுக் கறந்துட்டா வாற?" என்பேன்.

"நீங்க ஒருநா போயி நின்னு பாருங்க" என்பாள். ஒன்பது வருடத்தில் ஒருநாளும் போகவில்லை.

அவள் இறந்த மறுவாரமும் மைமூன் ஆறு மணிக்கு வந்து அழுத்தினாள். பெட்டி பேசியது: "தங்கபுஷ்பம் வரட்டும்."

கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். நான் போய் விரலை வைத்தால் அந்தப் பெயர் போய்விடும். மைமூனுக்கும் பால் கிடைக்காது என்று தெரிந்தும் போகவில்லை. பதினாறு நாள் கடுங்காப்பி.

பதினேழாம் நாள் பெட்டி பேசவில்லை. ஆறரை வரை நின்றேன். பிறகு போய் மைமூன் கதவைத் தட்டினேன். காய்ச்சலோடு சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"ஒரு சத்தம் குடுத்திருக்கலாம்லா மைமூன். ஒனக்கும் பால் இல்லாமப் பண்ணிட்டேன்."

"பாலு யாருக்கு வேணும் அண்ணாச்சி? மதினி பேர ஒருதடவ கேட்டுட்டுப் போவேன். எங்க நீங்க வந்துருவியளோன்னு பயந்துக்கிட்டேதான் அமுத்துவேன்."

அவள் மாத்திரை போட வேண்டும், வெறும் வயிறு. கையைப் பிடித்து மெல்ல அழைத்துப் போனேன். விரலை வைத்தேன். திரையில் என் பெயர் வந்தது: சங்கரபாண்டி.

"அரை நிமிசம் நிக்கணும். எதாவது பேசுங்க."

"என்னத்தப் பேச?"

"மதினி மொதல்ல ஒங்களத்தான் ஏசுவா. நானே ஆரம்பிக்கேன்."

நான்கு வருடம் ஏசினாள். போன மாதம் அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அந்த வீட்டில் அவள் தங்கை வந்து தங்கியிருக்கிறாள்.

ஆறு மணிக்குப் போய் அழுத்துகிறேன். "மைமூன் வரட்டும்" என்கிறது பெட்டி. எதிர்க் கதவின் அடியில் இரண்டு கால்களின் நிழல் தெரிகிறது. அசைவதில்லை.

தட்டாமல் திரும்பி வந்து கடுங்காப்பி போடுகிறேன்.