ஐந்தாவது பொத்தான்

“சார்... கொஞ்சம் எழுந்திரிங்க. என் மெஷின் மேல உக்காந்திருக்கீங்க!”

மழையில் தொப்பலாக நனைந்து, அக்காவைக் கைத்தாங்கலாக மண்டபத்துக்குள் அழைத்து வந்து, அப்போதுதான் உட்கார்ந்திருந்தான் அந்த பஸ் டிரைவர். துள்ளி எழுந்தான். நாற்காலியில் டிவி ரிமோட் போல ஒரு சின்னக் கருவி. அதைக் குனிந்து எடுத்தவளின் கண்களைப் பார்த்தான்... தூக்கம் கெட்டிருந்தும் சிரிக்கிற கண்கள்.

“உடைஞ்சிடுச்சாங்க?”

“உடையல. ஆனா உக்காந்தே ரெண்டு ஓட்டுப் போட்டுட்டீங்க!”

அவள் ஆராய்ச்சி டாக்டர். சர்க்கரை நோய் சிறுநீரகத்தை எப்போது தொடத் தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க, அந்தப் பகுதியில் முந்நூறு பேரின் ரத்தம் வேண்டும். அதற்கு முன் மக்களின் மனசைக் கேட்கத்தான் இந்தக் கூட்டம். திரையில் கேள்வி வரும். ஆளுக்கொரு கருவி; அதில் பொத்தானை அழுத்தினால் போதும். யார் எதை அழுத்தினார்கள் என்று யாருக்கும் தெரியாது. மொத்தக் கணக்கு மட்டும் உடனே திரையில் வந்துவிடும்.

‘ஆராய்ச்சிக்கு ரத்தம் கொடுப்பீர்களா?’

மாட்டோம் என்றவர்கள் எழுபத்தொரு சதவீதம்.

அவள் அடுத்த கேள்வியைப் போட்டாள். ‘ஏன்?’ ஊசி பயம், நேரமில்லை, வீட்டில் விடமாட்டார்கள், உடம்பு பலவீனமாகிவிடும்... நாலே நாலு பதில்.

அவன் எழுந்து நின்றான்.

“டாக்டர், இதுல எதை அழுத்துறதுன்னு தெரியாம எங்க அக்கா முழிக்கிறாங்க. மூணு வருஷம் முன்னாடி யாரோ வந்து ரத்தம் எடுத்துட்டுப் போனாங்க. என்ன ஆச்சுன்னு ஒரு வரி பதில் வரல. அதுக்கு எந்த பட்டன்?”

“அடுத்த கேள்விக்குப் போம்மா” என்று முன்வரிசையிலிருந்து முணுமுணுத்தார் பெரிய டாக்டர்.

அவள் போகவில்லை. காது மடல் சிவக்க, எல்லோர் கண்ணெதிரிலும் ஐந்தாவதாக ஒரு வரியைத் தட்டினாள்: ‘முடிவை எங்களுக்குச் சொல்வதில்லை.’

“இப்ப மறுபடியும் அழுத்துங்க.”

திரையில் அந்தப் பதிலுக்கான கோடு கிடுகிடுவென்று வளர்ந்து, மாட்டோம் என்றவர்களில் எண்பத்து மூன்று சதவீதத்தில் நின்றது.

“தப்பு எங்க மேலதான். கேக்க வேண்டியதைக் கேக்காம விட்டுட்டோம்” என்றாள் மைக்கில். தலை குனியவில்லை. இத்தனை பேர் முன்னால் இப்படிச் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும்! அவன் உட்கார மறந்து அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்...

கூட்டம் கலைந்ததும் வாசலில் வந்து வழிமறித்தாள். “எங்க குழுவுல மக்கள் சார்பா ஒருத்தர் வேணும். நீங்க வரீங்களா?”

வரேன் என்றுதான் மனசு சொன்னது. வாய் வேறு சொன்னது. “படிச்சவங்க நடுவுல பஸ் ஓட்டுறவன் எதுக்குங்க? பேருக்கு ஒரு ஆள் வேணும்னா வேற யாரையாவது பாருங்க.”

அவள் கண்களில் இருந்த சிரிப்பு அணைந்தது. “சரிங்க” என்றாள். அவ்வளவுதான்.

இரண்டு வாரம் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. வம்புக்கென்றே வழியெல்லாம் மழை வேறு.

ஒரு நாள் காலை அக்கா ஒரு கடிதத்தோடு வந்தாள். பழைய பரிசோதனையின் முடிவு! அலைந்து தேடிப் பிடித்து, எளிய தமிழில் விளக்கி, அந்த டாக்டரே கையெழுத்துப் போட்டிருந்தாள். ‘சிறுநீரகம் அப்போது நன்றாக இருந்தது. இப்போதும் ஒருமுறை பார்த்துவிடுவோம், வாருங்கள்.’

“தெருவுல பன்னெண்டு வீட்டுக்கு வந்திருக்குடா. முந்தாநாளே நான் போன் பண்ணி நன்றி சொன்னேன்... உன்னைப் பத்தியும், உனக்குப் பொண்ணு பாக்குறதைப் பத்தியும் கொஞ்சம் பேசினோம். இப்படிப்பட்டவகிட்டயா வீராப்பு காட்டினே?”

மதிய ஷிப்ட் முடிந்ததும் காக்கிச் சட்டையோடு அவள் அறை வாசலில் போய் நின்றான்.

“குழுவுல சேந்துக்கிறேங்க. அன்னைக்குப் பேசினது தப்பு. அப்புறம்...” நிமிர்ந்து அவளைப் பார்த்தான். “அதுக்கு மட்டும் வரல. உங்களை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு.”

அவள் பேனாவை மெல்ல மூடி வைத்தாள். ஜன்னலில் மழை...

“ரெண்டு வாரமா வீட்ல உங்களைத் திட்டிக்கிட்டே இருந்தேன். நேத்து அம்மா பொறுக்க முடியாம, ‘அவனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சாடி?’ன்னு கேட்டுட்டாங்க.”

“நீங்க... என்ன சொன்னீங்க?”

“‘இன்னும் ஆகலம்மா’ன்னு சட்டுனு சொல்லிட்டேன். சொன்ன வேகத்தைப் பாத்து அம்மா சிரிச்சிட்டாங்க...” முகம் சிவக்க அவனை நிமிர்ந்து பார்த்தாள். “அப்பதான் எனக்கே தெரிஞ்சுது.”