பாட்டு நிற்காத அறை

பாட்டுக்கு நடுவே மூச்சை இழுக்கும் சத்தம் கேட்கவில்லை. மடியில் டிபன் பாக்ஸை வைத்துக்கொண்டு எலுமிச்சைச் சோற்றை அளைந்துகொண்டிருந்த அனுஷியாவுக்கு முதலில் உறைத்தது அதுதான். மூடிய கதவுக்கு உள்ளே ஷாலினி தனியாகப் பாடிக்கொண்டிருந்தாள். கபடி கபடி கபடி.

வெளியே மத்தியான வெயிலில் மரக்காணத்து உப்பளம் பார்க்கவிடாமல் கண்ணைக் கூசவைத்தது. பாத்தியில் வேலை செய்கிறவர்கள் காலையிலேயே கரையேறிப் போய்விட்டதால், கீற்று போட்டு மூடிய உப்புக் குவியல்களும், அவற்றைப் பிய்க்கப் பார்க்கும் கடல் காற்றும், இந்தப் பழைய உப்புக் குடோனும், குடோனுக்குள் மாடு அசைபோடுகிற மாதிரி முனகிக்கொண்டிருந்த மெஷினும்தான் மிச்சம். கோச் தங்கராசு தன் பெண்கள் டீமுக்காகக் குடோனில் ஓர் அறையைத் தடுத்து அந்த மெஷினை வைத்திருந்தார். அறைக்காற்றில் ஆக்சிஜனை அது குறைத்துவிடும். கடற்கரையிலேயே இருந்துகொண்டு கொடைக்கானலைவிட உயரமான மலையில் ஆடுகிற மாதிரி. அந்தக் காற்றில் பாடிப் பழகினால் மைதானத்தில் மூச்சு நீளும் என்று எங்கோ படித்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாநில டீம் செலக்‌ஷன். ஷாலினியின் அப்பா படகை விற்றுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறார். டீமில் இடம் கிடைத்தால் வேலை கிடைக்கும், வீடு நிமிரும். அந்தப் பெண்ணைப் பத்திரமாக உள்ளே அனுப்பிப் பத்திரமாக வெளியே எடுப்பதுதான் அனுஷியாவின் வேலை.

ஷாலினியின் விரலில் மாட்டிய கிளிப்பில் இருந்து, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று வெளியே இருக்கும் மீட்டருக்கு எண் வரும். எண்பதுக்குக் கீழே போனால் கதவைத் திறக்க வேண்டும். இப்போது மீட்டரில் எண்ணே இல்லை. இரண்டு கோடுகள்.

நேற்றும் இதே கோடுகள்தான். பதறிப்போய்க் கதவைத் திறந்தால் ஷாலினி நன்றாக நின்றுகொண்டிருந்தாள், கிளிப் வியர்வையில் கழன்று கீழே கிடந்தது. தங்கராசு பிடிபிடியென்று பிடித்துவிட்டார். "பாட்டு கேக்குது இல்ல? அப்புறம் இன்னாத்துக்குக் கதவத் தொறந்த? பாட்டு இருந்தா ஆளு இருக்குது. நீயும் ஆடுனவதானே?"

ஆடினவள்தான். பன்னிரண்டு வருஷம் கார்னரில் நின்று, பாடி வருகிறவர்களின் கால் பிடித்தவள். எதிராளியின் பாட்டு எந்த இடத்தில் நையும் என்று கேட்டுக் கேட்டே பாய்ந்தவள். மீட்டரைவிடத் தன் காதைத்தான் அவள் நம்பினாள்.

அந்தக் காதுதான் இப்போது உறுத்தியது. ஆக்சிஜன் குறைந்த காற்றில் ஷாலினியால் பதினைந்து விநாடிக்கு மேல் பாட முடியாது. இது இரண்டு நிமிஷம் இருக்கும்.

"ஷாலினி, கிளிப்ப மாட்டும்மா."

பாட்டு தொடர்ந்தது. பதில் சொன்னால் பாட்டு அறுந்துவிடும், சொல்ல மாட்டாள். அப்படித்தான் சமாதானம் செய்துகொண்டாள். செவ்வாய்க்கிழமை அந்தப் பெண் சொன்னது வேண்டாத நேரத்தில் ஞாபகம் வந்தது. "அக்கா, நான் உள்ள போறதுக்கு முன்னாடியே யாரோ பாடிக்கினு இருக்காங்க." காற்று குறைந்தால் காது இரையும் என்று சொல்லி அனுஷியா சிரித்திருந்தாள்.

கதவில் பதித்திருந்த கண்ணாடியை முந்தானையால் துடைத்தாள். ஆவி உள்பக்கம் படிந்திருந்தது. காலடிச் சத்தம் இல்லை. பாட்டு மட்டும் மூலைக்கு மூலை நகர்ந்தது. பிறகு தரையோரம். பிறகு கதவுக்கு அந்தப் பக்கம், அவள் காது உயரத்தில்.

பயமாக இருந்தது. திறந்தாள்.

ஏசிக் குளிர். ஈர உப்பு வாடை. ஷாலினி சுவரோரம் குப்புறக் கிடந்தாள். ஓடிப்போய்ப் புரட்டினாள். உதடு நாவல்பழ நிறம். பல் கிட்டியிருந்தது. மார்பு ஏறவில்லை. கிளிப் விரலிலேயே இருந்தது. சரியாக, இறுக்கமாக.

கபடி கபடி கபடி.

முதுகுக்குப் பின்னால். ஸ்பிரிங் கதவு தானாக அடைத்துக்கொண்டது. அனுஷியா திரும்பவில்லை. பாட்டு வலப்பக்கம் வந்தது. இடப்பக்கம் போனது. எத்தனையோ எதிராளிகளைக் கேட்ட காது, நைகிற இடத்துக்காகக் காத்திருந்தது. நையவில்லை.

தோளில் இரண்டு விரல். ஈரமாக.

தொட்டது. பாட்டு நின்றது.

"ஷாலினி" என்று கத்த வாயைத் திறந்தாள்.

கபடி, என்றது அவள் வாய். கபடி கபடி.

மூட முடியவில்லை. மூச்சை இழுக்க முடியவில்லை. அந்தப் பெண்ணின் தாடையைப் பிரித்து, வாயோடு வாய் வைத்து ஊதினாள். மூச்சு போகவில்லை. பாட்டுதான் போனது.

கதவு ஐந்தடி. தவழ்ந்தாள். கண்ணில் கறுப்புப் புள்ளிகள்.

வெளியே பைக் வந்து நின்றது. செருப்புச் சத்தம். தங்கராசு.

"அனுஷியா? சோத்த அப்படியே வச்சிட்டு எங்க போச்சு இது?" மீட்டரைத் தட்டும் சத்தம். "த்ச். மறுபடியும் கிளிப்பு கழண்டுடுச்சி."

கைப்பிடிக்கு ஒரு சாண். கை எழவில்லை. வாய் மட்டும் கபடி கபடி கபடி.

கதவுக்கு அந்தப் பக்கம் அவர் காதை வைத்துக் கேட்டார்.

"அப்படிப் பாடு! அறுக்காத, அறுக்காத!"

பிறகு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.