மணல்திட்டில் இருந்து வந்தவன்

மணல்திட்டுவரை நடந்து போய்விட்டுத் திரும்பி வந்த தம்பி வாயை அகலத் திறந்து சிரித்தபோது, அவள் போட்டுவிட்ட பல் அடைப்பு அங்கே இல்லை.

முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. அந்த ஒரு பல்லுக்காக அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமா? பல் மருத்துவம் மூன்றாம் வருடம். பழகிப் பார்க்க ஆள் கிடைக்காத மாணவர்கள் சிநேகிதர்களையும் சொந்தக்காரர்களையும் கெஞ்சிக் கூத்தாடி நாற்காலியில் உட்கார வைப்பது அந்தக் கல்லூரியில் வாடிக்கை. அவளிடம் சிக்கியவன் இந்தச் சித்தி மகன். கீழ்வரிசை, வலது பக்கம், கடைவாயில் முதல் பல். வெள்ளி நிற அடைப்பு. மூன்று தடவை போட்டு மூன்று தடவையும் பெயர்த்து எடுத்தாள். நாலாவது தடவை நின்றது, கொஞ்சம் துருத்திக்கொண்டு. சிரித்தால் பளிச்சென்று தெரியும். "வாய்க்குள்ள தகரக் கொட்டகை போட்டு விட்டுட்டா எங்கக்கா" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் திறந்து காட்டி அவள் மானத்தை வாங்கினான்.

விழுந்து தொலைத்திருக்கும் என்று நினைத்தாள். ஆனால் விழுந்திருந்தால் குழி இருக்க வேண்டும். அவள் தன் கையால் குடைந்த குழி. அதுவும் இல்லை. முழுப் பல், ஈரமாக, புதுசாக மின்னியது.

நாலு பேராக வந்திருந்தார்கள். வெள்ளியும் திங்களும் விடுமுறை என்று தெரிந்த நிமிடமே காரும் கடற்கரை மரவீடும் ஏற்பாடு செய்தவன் மேனேஜர்; நிர்வாகம் படிக்கிறவன், வகுப்பில் படிப்பதைவிட வெளியே செய்கிற நிர்வாகம் அதிகம், அதனால் அந்தப் பெயர். அவளோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் டீச்சர் நிஜத்தில் டீச்சர் இல்லை, யார் எது பேசினாலும் திருத்துவாள். நாலாவது ஆள் தம்பி. ஆறடி உயரம், அரையடி அகலம். ஒட்டடைக்குச்சி என்று வைத்த பெயர் தேய்ந்து குச்சி என்று ஆகியிருந்தது.

சித்தி அவனை அனுப்பவே மாட்டேன் என்றுதான் ஒற்றைக்காலில் நின்றாள். இவள்தான் போனில் மணிக்கணக்காகப் பேசிப் பேசிக் கரைத்தாள். "எனக்கு இருக்கறது அவன் ஒருத்தன். உன்னை நம்பித்தான் அனுப்பறேன். அவனுக்கு ஒண்ணுன்னா நான் உன்னைத்தான் கேப்பேன்" என்றாள் சித்தி. அதைச் சொன்னபோது அவள் அழவில்லை, மிரட்டவும் இல்லை. அதனால்தான் அது இவள் மனதில் ஆணி அடித்த மாதிரி நின்றது.

மரவீட்டுக்கு முன்னால் ஒரு பலகை. நீர் வற்றும் நேரம், ஏறும் நேரம் எழுதியிருந்தது. நாலு மணிக்குக் கடல் வெகுதூரம் பின்வாங்கிக் கிடந்தது. சேறும் மணலும் கலந்த தரை, அதற்கு அப்பால் முதுகைக் காட்டிப் படுத்திருக்கும் ஒரு மணல்திட்டு. போக அரைமணி, வர அரைமணி ஆகும். படம் எடுத்துவிட்டு வருகிறேன் என்று ஐந்தேகாலுக்குக் குச்சி கிளம்பினான். நீச்சல் தெரியாது. "அஞ்சரைக்குத் தண்ணி திரும்பும்டா" என்று இவள் கத்தியதற்கு, திரும்பாமலே கையை ஆட்டினான். அவன் போன கொஞ்ச நேரத்தில் பனி வந்தது. கடலில் இருந்து எழுந்து, திட்டை மூடி, தரையை மூடி, அவர்கள் மணலில் நட்டிருந்த குடையின் கம்பத்துக்குப் பத்தடி தள்ளி வந்து நின்றுகொண்டது. ஈரச் சாம்பலும் பாசியும் கலந்த வாடை. அலைச் சத்தம்கூடத் தலையணைக்கு அடியில் இருந்து கேட்பதுபோல் அமுங்கியது.

இருபதே நிமிடத்தில் அவன் திரும்பி வந்துவிட்டான்.

"வாயைத் திற" என்றாள்.

திறந்தான். ஒரு முணுமுணுப்பு இல்லாமல். அங்கேதான் அவளுக்குச் சந்தேகம் வந்தது. குச்சியாவது, சொன்ன உடனே வாயைத் திறப்பதாவது! லீவு நாளில்கூட ஆரம்பித்துவிட்டாயா என்று ஒரு பாட்டம் ஆடியிருப்பான். இவன் திறந்த வாயை மூடவேயில்லை. அவள் குனிந்து பார்த்தாள். மத்தியானம் பாதிப் பொட்டலம் வெங்காய சிப்ஸ் தின்ற வாயில் வாடை இல்லை. எந்த வாடையுமே இல்லை. மூச்சும் வரவில்லை.

"மூடு."

மூடினான். சிரித்தான். "எல்லாரும் வந்தாச்சு. போலாமாக்கா?"

"எங்கடா?"

"எல்லாரும் வந்தாச்சு. போலாமாக்கா?"

அவள் பின்னோக்கியே நடந்து டீச்சரிடம் போனாள். கண்ணை அவன்மேல் இருந்து எடுக்கவில்லை. "அது குச்சி இல்ல" என்றாள் மெதுவாக.

"அது குச்சி இல்லாம வேற என்ன, ஆலமரமா? விளையாடாத."

"பல்லு இல்ல. அதாவது பல்லு இருக்கு. அடைப்பு இல்ல. பல்லு திரும்ப முளைக்காதுடீ."

"உனக்குப் பரீட்சை முடிஞ்சும் பேய் விடல" என்றாள் டீச்சர். ஆனால் சிரிக்கவில்லை. அவளும் அவனைத்தான் பார்த்தாள். அவன் மணலில் நின்ற இடத்தில் நின்றுகொண்டு, கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு, இவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தான்.

அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. பனிக்குள் இருந்து, வெகுதூரத்தில் இருந்து, தொண்டை கிழிந்த குரலில்.

"அக்கா..."

எதிரே நின்றவனின் உதடு அசையவில்லை.

"அக்கா, தண்ணி வருதுக்கா..."

 மணி ஐந்தே முக்கால். குச்சி அங்கே இருக்கிறான். திட்டில். தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது. அப்படியானால் இங்கே நிற்பது யார் என்று யோசிக்கக்கூட அவளுக்கு நேரமில்லை.

"கடல்ல சத்தம் சுத்தி அடிக்கும்மா, பயப்படாத" என்றான் மேனேஜர். குடையின் கம்பத்தை அடித்து நிறுத்திய சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு, தொப்பென்று தம்பியின் தோளில் கையைப் போட்டான். "டேய் குச்சி, எங்கடா அக்கா போட்ட தகரத்தைத் தொலைச்ச? கடல்ல மீனுக்குக் குடுத்துட்டியா?"

அவனும் பதிலுக்கு மேனேஜரைக் கட்டிப்பிடித்தான்.

நல்ல சிநேகிதன் கட்டிப்பிடிக்கிற மாதிரித்தான் தொடங்கியது. மேனேஜர் சிரித்தான். "போதும்டா" என்றான். பிறகு, "டேய்" என்றான். பிறகு சுள்ளி முறிவதுபோல் ஒரு சத்தம். இன்னொன்று. மேனேஜரின் கால்கள் மணலை விட்டு எழும்பின. கண்கள் பிதுங்கின. வாயில் இருந்து ரத்தம் கொப்பளித்து, கட்டிப்பிடித்தவன் தோளில் வழிந்தது. அவன் சிரிப்பு மாறவில்லை. கை இறுகிக்கொண்டே போனது. மேனேஜரின் சட்டைக்குள் இருந்தது எல்லாம் ஒரு முழம் அகலத்துக்குள் அடங்கும்வரை இறுகியது. பிறகு விட்டான்.

"எல்லாரும் வந்தாச்சு" என்றான்.

டீச்சர் ஓடினாள். அவளைக் குறை சொல்ல முடியாது. கார்க் கதவு அடிபடும் சத்தமும், இயந்திரம் உறுமும் சத்தமும், சக்கரம் மணலை வாரியிறைக்கும் சத்தமும் கேட்டு, தூரத்தில் தேய்ந்து போயிற்று.

இவள் ஓடவில்லை. சித்தி மகன் அங்கே இருக்கிறான். திட்டுக்குப் போகும் வழியில் இது நிற்கிறது. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அவளை நோக்கி நடந்து வருகிறது.

குனிந்து சுத்தியலை எடுத்தாள்.

முதல் அடி கன்னத்தில். தம்பியின் கன்னம். சின்ன வயசில் அவள் கிள்ளிய கன்னம். எலும்பு உள்ளே போவது கை வழியாகத் தெரிந்தது. ரத்தம் வந்தது, சூடாக, சிவப்பாக, எல்லோருக்கும் வருகிற மாதிரியே. சேறோ தண்ணீரோ வந்திருந்தால் அவளுக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். "ஏன்க்கா?" என்று கேட்டது, சிரித்துக்கொண்டே. நெற்றியில் அடித்தாள். மறுபடியும் அடித்தாள். விழுந்த பிறகும் கை விரிந்தே இருந்தது. அந்தக் கை அசைவதை நிறுத்தும்வரை அடித்தாள். அடித்துக்கொண்டே அழுதாள். "சித்தி, சித்தி, என்னை மன்னிச்சிடு சித்தி" என்று வாய்விட்டுக் கதறினாள்.

பிறகு பனிக்குள் இறங்கினாள்.

முழங்கால் அளவு தண்ணீர். ஐஸ்போலக் குளிர்ந்தது. "குச்சி! எங்கடா இருக்க!"

"அக்கா!"

முன்னால் ஒரு உருவம். உயரம், ஒல்லி. அவள் ஓடினாள். அதுவும் அவளை நோக்கி வந்தது. சிரித்துக்கொண்டு. கைகளை விரித்துக்கொண்டு.

"போலாமாக்கா?"

அடித்தாள்.

அது விழுந்த இடத்துக்குப் பின்னால் இன்னொன்று. அதற்குப் பின்னால் இரண்டு. எல்லாம் அவன் முகம். எல்லாம் அவன் நடை. எதுவும் ஓடவில்லை, ஒதுங்கவில்லை, அடிக்கக் கை ஓங்கவில்லை. வந்தன. கட்டிப்பிடிக்க வந்தன. ஒன்றின் கை அவள் இடது தோளில் பட்டு, தோள் கழன்றது. ஒற்றைக் கையால் அடித்தாள். பல் தெறித்தது. கண் கலங்கியது. எத்தனை என்று தெரியவில்லை. சுத்தியலின் பிடி வழுக்கியது. தண்ணீர் தொடை அளவு. சிவப்பாக. இன்னொன்று. அடி. இன்னொன்று. அடி.

பிறகு எதுவும் வரவில்லை.

பனி கொஞ்சம் விலகியது. பதினைந்து அடி தள்ளி, மார்பளவு தண்ணீரில், கடைசியாக ஒருவன் நின்றான். குளிரில் பற்கள் தந்தியடித்தன. உதடு நீலம் பாரித்திருந்தது. அவளைப் பார்த்தான். பின்னால் நகர்ந்தான்.

அவளுக்கு உயிர் திரும்பியது. மற்றவையெல்லாம் அவளை நோக்கி வந்தன. இவன் ஒருவன்தான் அவளைக் கண்டு பயப்படுகிறான். இவன்தான். இவனேதான்.

"டேய், நான்தான்டா" என்றாள். குரல் அவளுக்கே வேறு யாருடையதோபோல் இருந்தது. முகமெல்லாம் ரத்தம், முடியெல்லாம் ரத்தம். அவளைச் சுற்றி அவன் முகங்கள் மிதந்தன, அடிபட்டு, உடைந்து, வாய் திறந்து. அத்தனையையும் அவன் பார்த்துக்கொண்டுதான் நின்றிருக்கிறான்.

"கிட்ட வராத!" என்று அலறினான்.

சுத்தியலைத் தண்ணீரில் விட்டெறிந்தாள். நல்ல கையை விரித்துக் காட்டினாள். அவன் பயம் தெளியட்டும் என்று சிரிக்கப் பார்த்தாள். "ஒண்ணும் இல்லடா. வா. போலாம்."

அவன் இன்னும் இரண்டடி பின்னால் போனான். தண்ணீர் தோளைத் தொட்டது.

"குச்சி."

அது இவள் கூப்பிட்டது அல்ல. ஆனால் இவள் குரல்தான்.

அவனுக்குப் பின்னால், பனிக்குள், ஒருத்தி நின்றாள். காலையில் இவள் தேய்த்துப் போட்டுக்கொண்ட அதே மஞ்சள் சட்டை, கசங்காமல். முகத்தில் ஒரு பொட்டு ரத்தம் இல்லை. இரண்டு கையையும் விரித்திருந்தாள்.

"அது நான் இல்லடா! குச்சி, அது நான் இல்லடா!"

அவன் இவளைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். முகம் குழந்தைபோலக் கோணிக்கொண்டு உடைந்தது.

"அக்கா" என்று விம்மிக்கொண்டே, தண்ணீரை இரண்டு கையாலும் தள்ளித் தள்ளி அவளிடம் ஓடினான். அவள் அவனை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். அவன் தோளுக்கு மேலாக இவளைப் பார்த்துச் சிரித்தபடி, மெதுவாக, கைகளை இறுக்கத் தொடங்கினாள்.