முள் சாய்ந்த பக்கம்

“கதவத் தொறங்க சிஸ்டர்! ப்ளீஸ், தொறங்க! அது எங்கம்மாவோட முடிவு இல்ல!”

தர்ஷிகா கண்ணாடிக் கதவை இரண்டு கைகளாலும் அடித்தாள். உள்ளே அவள் அம்மா சுகன்யா கண்ணை மூடி நாற்காலியில் சாய்ந்திருந்தாள். நெற்றியில் ஒரு பட்டை, மணிக்கட்டில் ஒரு பட்டை. கதவுக்கு மேலிருந்த வட்டத் தட்டில் முள் ஏற்கெனவே இடது ஓரத்துக்குப் போய் நின்றுவிட்டிருந்தது. இடது ஓரம் என்றால் அறுவை வேண்டாம் என்று அர்த்தம்.

நர்ஸ் அவள் தோளைப் பிடித்து இழுத்தாள். “உள்ள ஆளு இருக்கறப்ப இப்பிடியா தட்டுவ? அளந்து முடிஞ்சிருச்சு பாப்பா. பதிவும் ஆயிருச்சு. இனி கதவ ஒடச்சாலும் ஒண்ணும் ஆகாது.”

சுவரோரம் ரஞ்சித் மாமா கர்ச்சீப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தார். அம்மாவின் தம்பி. அப்பா விட்டுப் போன பிறகு வீட்டுக்கு ஆண்துணை என்று இருப்பவர் அவர் ஒருவர்தான். “வேண்டாம்னுட்டாளே... எங்கக்கா வேண்டாம்னுட்டாளே...” என்று தனக்குள் சொல்லிக்கொண்டே இருந்தார். தர்ஷிகாவால் அவரைப் பார்க்க முடியவில்லை. அக்கா சொல்லவில்லை மாமா, நான் சொன்னேன் என்று எப்படிச் சொல்வது?

உளமானி என்ற இந்த மெஷின் வருவதற்கு முன்பு நோயாளிக்கு என்ன வேண்டும் என்று யாரும் நோயாளியிடம் கேட்டதில்லை. டாக்டர் வெளியே வந்து வீட்டு ஆட்களிடம் சொல்வார். வீட்டு ஆட்கள் கேண்டீனில் காபி குடித்தபடி பேசி முடிவெடுப்பார்கள். அதிசயமாக யாராவது நோயாளியையே கேட்டால், “உங்க இஷ்டம்” என்று பதில் வரும். அதற்காகத்தான் சட்டம் வந்தது. உயிருக்கு ஆபத்துள்ள எந்தச் சிகிச்சைக்கும் முன்னால் நோயாளியைத் தனியறையில் உட்காரவைத்து உளமானி அளந்தாக வேண்டும். அது இரண்டு வழிகளையும் மாறி மாறிக் காட்டும், நல்லதையும் கெட்டதையும் மறைக்காமல் சொல்லும். வாய் சொல்வதை மட்டும் அது கேட்பதேயில்லை. எந்த வழியைப் பார்க்கும்போது மூச்சு இறுகுகிறது, எதைப் பார்க்கும்போது ரத்தம் இளகுகிறது, மூளையில் எந்த மூலை விழிக்கிறது என்று கூட்டிக் கழித்து முள்ளை நகர்த்தும். முள் நின்ற பிறகு புருஷனோ பிள்ளையோ டாக்டரோ அதை மாற்ற முடியாது.

சுகன்யாவுக்குக் கீழ்த்தாடை எலும்பில் புற்றுநோய். கழுத்து ரத்தக்குழாய் வரை இறங்கிவிட்டது. அவள் முன்னால் இருந்தவை இரண்டு வழிகள். ஒன்று, பாதித் தாடையையும் நாக்கில் ஒரு பகுதியையும் வெட்டி எடுப்பது. ஆறு பேரில் ஒருவர் ஆபரேஷன் மேசையிலேயே போய்விடுவார். பிழைத்தவர்கள் அநேகமாக நெடுநாள் இருப்பார்கள். இன்னொன்று பூட்டு மருந்து. கட்டியை அப்படியே பூட்டிவைக்கும், முகத்துக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அந்தப் பூட்டு இரண்டு வருஷத்துக்கு மேல் நிற்காது.

முந்தின நாள் டாக்டர் ஹெப்சிபா அறையில் பின்தோற்றத் திரை வைத்திருந்தார்கள். அறுவைக்குப் பிறகு ஆள் எப்படி இருப்பார், எப்படிப் பேசுவார் என்று ஆள் உயரத்துக்குக் காட்டும் திரை. அம்மாவும் மகளும் கைகோத்து அதன் முன்னால் நின்றார்கள். திரை தெளிந்தது. அதில் அம்மா இருந்தாள். ஒரு பக்கக் கன்னம் உள்ளே போய், வாய் கோணி, ஓரத்தில் எச்சில் வழிய, “தஷ்ஷி” என்று கூப்பிட்டாள்.

தர்ஷிகா கையை உதறிக்கொண்டு பின்னால் போனாள். 

ஒரு கணந்தான். உடனே திரும்ப வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் அந்த ஒரு கணத்தில் அவள் நினைத்தது நோயைப் பற்றியல்ல. ஒப்பணக்கார வீதிப் பட்டுக்கடை வாசலில் நின்று “வாங்க, வாங்க” என்று சொல்லும் அவள் அம்மாவைப் பார்க்கவே கூட்டாளிகள் அந்தப் பக்கம் போவார்கள். “உங்கம்மாவாடி? அக்கான்னுல்ல நெனச்சேன்!” என்பார்கள். இந்த மூஞ்சியோடு ஸ்கூலுக்கு வந்துவிடுவாளோ என்றுதான் தர்ஷிகா நினைத்தாள். வந்து எல்லார் முன்னாலும் தஷ்ஷி என்று கூப்பிடுவாளோ?

அம்மா திரும்பி அவளைப் பார்த்தாள். பிறகு டாக்டரிடம் சிரித்தபடி, “மருந்துலயே பாத்துக்க முடியாதுங்களா டாக்டர்?” என்று கேட்டாள்.

இன்றைக்கு முள் அதையேதான் சொல்லியிருந்தது.

டாக்டர் அறைக்கு மூவரையும் கூப்பிட்டார்கள். அம்மா உட்காருவதற்குள் தர்ஷிகா பேச ஆரம்பித்துவிட்டாள். “டாக்டர், அது தப்பு. என்னாலதான் அம்மா வேண்டாம்னாங்க.”

ஹெப்சிபா பேனாவைக் கீழே வைத்தார். “அளக்கறதுக்கு முன்னாடி அம்மாவ யாராவது மிரட்டினீங்களா?”

“இல்ல.”

“பேசி மனச மாத்துனீங்களா?”

“இல்ல டாக்டர். நான்... கைய எடுத்துட்டேன்.”

“என்னது?”

“அந்தத் திரையில அம்மாவப் பாத்து அருவருப்பா இருந்துச்சு. கைய உதறிட்டேன். அவங்க பாத்துட்டாங்க.” மாமா அவளைத் திரும்பிப் பார்த்த பார்வையில் காது மடல் வரை சுட்டது. அடித்திருந்தால்கூடத் தேவலை.

அம்மாதான் முதலில் வாய் திறந்தாள். “அட கழுதை! இதுக்கா நேத்துலேர்ந்து சோறு தின்னாம கெடந்த? எனக்கே அதப் பாத்து ஈரக்கொலை நடுங்கிப் போச்சு. நீ சின்னப்புள்ள, உனக்கு ஆகாதா?” மாமாவிடம் திரும்பினாள். “நீ எதுக்குடா அவள மொறைக்கற? சும்மாரு.”

“சும்மா இருக்கறதா? உன்ற உசுரு அக்கா!”

“என்ற உசுருதான? என்கிட்டத்தான இருக்குது. அப்புறம் என்ன?”

டாக்டர் கையமர்த்தினார். “கைய எடுக்கறத மிரட்டல்னு சட்டம் சொல்லல. ஆனா நோயாளி கேட்டா ஒரே ஒரு தடவ மறுபடி அளக்கலாம். அதுதான் கடைசி. நீங்க கேக்கறீங்களா சுகன்யா?”

அம்மா நாற்காலியில் திரும்பினாள். மகளைப் பார்த்தாள். தர்ஷிகா அழுதுகொண்டே தலையைத் தலையை ஆட்டினாள். ஆபரேஷன் பண்ணிக்கம்மா, எப்படி இருந்தாலும் பரவால்லம்மா என்று முகம் முழுக்கக் கெஞ்சினாள்.

“அளந்துக்கலாமுங்க,” என்றாள் அம்மா.

மறுபடி பட்டைகள், மறுபடி கண்ணாடிக் கதவு. இந்த முறை தர்ஷிகா கதவைத் தட்டவில்லை, வட்டத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் கிடந்த முள் கிளம்பி, எங்கும் தயங்காமல், நேரே வலது ஓரத்தில் போய் நின்றது. அறுவை வேண்டும்.

“பாத்தியா!” மாமா அவளைக் கட்டிக்கொண்டார். “எங்கக்கா பொழச்சுக்குவா பாரு! நீ நல்ல வேளைக்கு வாயத் தொறந்த சாமி.”

நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியதுபோல் தர்ஷிகாவுக்கு இருந்தது. டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஏனுங்க டாக்டர், மெஷின் ரிப்பேருங்களா?” என்று மாமா கேட்டார்.

“இல்லைங்க. மெஷின் சரியாத்தான் இருக்கு.” ஹெப்சிபா தயங்கினார். “ஏழெட்டு வருஷமா இதப் பாத்துட்டு வர்றேன். சாகறதா பொழைக்கறதாங்கறதுல யாருக்கும் முள்ளு இப்படி ஓரத்துக்குப் போனதில்ல. நடுவுலயே கெடந்து ஆடும். கொஞ்சம் இந்தப் பக்கம் சாயும், கொஞ்சம் அந்தப் பக்கம் சாயும். நம்ம மனசு அப்படித்தான். இவங்களுக்கு மொத தடவயும் ஓரம், ரெண்டாவது தடவயும் ஓரம். துளிகூட ஆடல.”

“அப்ப எதுங்க நெசம்?”

“ரெண்டும் நெசந்தான். அந்தந்த நேரத்துல அவங்க முழு மனசோட அதத்தான் விரும்பியிருக்காங்க. பொய்யா இருந்தா உளமானி கண்டுபிடிச்சிருக்கும்.” டாக்டர் கோட்டுப் பையில் கையை விட்டுக்கொண்டார். “சட்டப்படி இது அவங்களோட சொந்த விருப்பம். நாளைக்குக் காலைல தியேட்டர் ரெடி பண்ணச் சொல்லிடறேன்.”

அவர் போய்விட்டார். மாமா போனை எடுத்துச் சொந்தக்காரர்களுக்குச் சொல்ல ஆரம்பித்தார். தர்ஷிகா அங்கேயே நின்றாள். சொந்தக்காரர் காற்றுகூடப் படாத அறை என்றுதான் இதைக் கட்டியிருக்கிறார்கள். ஆனால் அம்மா உள்ளே தனியாகவா போனாள்? பசியா, காய்ச்சலா, பரீட்சையில் மார்க் குறைந்ததா, எல்லாவற்றையும் மகள் வாய் திறக்கும் முன்பே முகத்தில் படித்துவிடுகிற ஆள். மகளுக்கு என்ன வேண்டுமோ அது தனக்கு வேண்டும் என்று நினைப்பதுகூட இல்லை. அது அப்படியே அவளுக்கும் வேண்டியதாகிவிடுகிறது. அந்த மெஷின் இரண்டு தடவையும் அளந்தது தன்னைத்தான். நேற்று பார்த்து அருவருத்ததை ஒரு தடவை, இன்று அழுததை ஒரு தடவை.

பிறகு இன்னொன்றும் தோன்றியது. அது இன்னும் கேவலமாக இருந்தது. இன்றைக்கு எதற்காக உண்மையைச் சொன்னாள்? அம்மா நெடுநாள் இருக்கவேண்டும் என்றா? இல்லை, அந்தக் குற்றம் தன் தலையில் நிற்கக் கூடாது என்றா? இப்போது தன்னை அந்த நாற்காலியில் உட்காரவைத்தால் முள் எங்கே போகும் என்று யோசித்தாள். எங்கே போனாலும் அம்மாவுக்கு எது நல்லது என்று பார்த்துப் போகாது என்று தெரிந்தது. ஆறு பேரில் ஒருவராக நாளைக்கு அம்மா போய்விட்டால், அது அம்மாவின் சொந்த விருப்பம் என்று பதிவில் இருக்கும்.

கதவு திறந்தது. சுகன்யா நெற்றியில் பட்டை அழுத்திய தடத்தோடு, கலைந்த முடியை ஒதுக்கியபடி வந்தாள். தம்பியைப் பார்க்கவில்லை, தட்டையும் பார்க்கவில்லை. நேரே மகளிடம் வந்தாள். தர்ஷிகா சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். முகத்தில் எதுவும் இருக்கக் கூடாது. அழுகையோ ஆசையோ, எதுவும்.

“என்ன கண்ணு, அங்க போயி நிக்கற?”

சுவரைப் பார்த்தபடியே தர்ஷிகா கேட்டாள். “அம்மா, உனக்கு என்ன வேணும்? எனக்காக இல்ல. உனக்கு.”

“அதான் மெஷினே சொல்லிருச்சே!”

“மெஷின் கெடக்குது. நீ சொல்லும்மா.”

 யாரோ தெரியாத ஊருக்கு வழி கேட்டதுபோல் சுகன்யா நின்றாள். அப்புறம் மகளின் தாடையைத் தொட்டு மெதுவாகத் தன் பக்கம் திருப்பினாள். அந்த முகத்தில் ஏதாவது கிடைக்குமா என்று நெற்றியிலிருந்து தேட ஆரம்பித்தாள்.

“ஏன் கண்ணு,” என்று கேட்டாள், “உனக்கு இப்ப வேற ஏதாச்சும் தோணுதா?”