படிக்கட்டில் நின்றவன்

"கையை எடுங்க சார்... நான்தான் முதல்ல எடுத்தேன்!"

கடையில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு ஹெட்செட். அந்தப் பெட்டியின் ஒரு முனை அவள் கையில். மறுமுனை நெட்டையான ஒருவன் கையில். வெளியே மழை பிய்த்துக்கொண்டு கொட்டியது. அவன் இமைகளில்கூட இரண்டு துளி நின்றது... சண்டை போடும்போது இதையெல்லாமா பார்ப்பார்கள்? அவள் பார்த்தாள்.

"எடுத்தது நீங்கதான். ஆனா எடுத்து வைக்கச் சொல்லி காலையிலேயே போன் பண்ணது நானுங்க," என்றான் அவன், நிதானமாக.

அந்த நிதானம்! எட்டு மாதமாக வாரத்துக்கு நான்கு நாள் காதுக்குள் கேட்ட குரல் அல்லவா இது?

"ஆ... ஆமை?"

அவன் கண்கள் அகல விரிந்தன. "ஐயோ... கேப்டனா?"

கம்ப்யூட்டரில் ஆடும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு அது. அணிக்கு ஐந்து பேர். அவரவர் வீட்டில் உட்கார்ந்து, ஒருவர் குரலை ஒருவர் கேட்டு ஆட வேண்டும். எங்கே ஒளிவது, எப்போது பாய்வது என்று உத்தரவு போடுகிறவள் அவள், அதனால் கேப்டன். எல்லோரும் முன்னே ஓட, எதிரி முதுகுப் பக்கம் வந்துவிடாமல் பின்னால் நின்று காவல் காப்பவன் அவன், அதனால் ஆமை. குரல் தெரியும், முகம் தெரியாது. அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பதும், அவன் லிஃப்ட் மெக்கானிக் என்பதும் அந்தக் கடை வாசலில் நின்று பேசியபோதுதான் தெரிந்தது.

"நாளைக்கு உங்க லேபுக்குப் பின்தெருவுல, அந்த ஆறு மாடி பில்டிங்லதான் எனக்கு வேலை," என்றான். "ஆமா, உங்க ஹெட்செட் என்ன ஆச்சு? ஒடைச்சிட்டீங்களா?"

"நான் எங்க ஒடைச்சேன்? அதுவா பறந்து போய் சுவத்துல மோதிக்கிச்சு."

"ஞாயித்துக்கிழமையா?"

அவள் சிரிப்பு நின்றது. ஞாயிற்றுக்கிழமை, கடைசி ரவுண்ட். நான்கு பேர் கிடங்குக்குள் பாய்ந்தார்கள், ஆமை மட்டும் வரவில்லை. நான்கு பேரும் காலி, மேட்ச் போச்சு. "குத்துக்கல் மாதிரி அங்கேயே நின்னா எப்படி ஜெயிக்கிறது?" என்று கத்தித் தீர்த்தாள். அவன் வாயே திறக்கவில்லை. அணிக்கு ஆள் சேர்ப்பதும் எடுப்பதும் அவள் அண்ணன் பொறுப்பு. நேற்று அண்ணனிடம் சொல்லிவிட்டாள்... சனிக்கிழமை தகுதிச் சுற்றுக்கு ஆமை வேண்டாம், வேறு ஆள் பார் என்று.

அந்த ஆமை இப்போது எதிரில் நின்று சிரிக்கிறான். கன்னத்தில் குழி வேறு விழுகிறது. கடவுளே... சொல்லிவிடலாமா?

அவன் பெட்டியை அவள் பக்கம் தள்ளினான். "நீங்களே வெச்சுக்கோங்க. எனக்குப் பழசே தாங்கும்." சட்டென்று மழையில் இறங்கி நடந்துவிட்டான்.

வீட்டுக்கு வந்தும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தாள், எழுந்தாள், ஜன்னலைத் திறந்தாள், மூடினாள்.

"அண்ணா... ஆமைகிட்ட இப்ப எதுவும் சொல்லாத."

"நேத்தே சொல்லிட்டேனே! 'சரிங்க'ன்னு ஒரே வார்த்தை. தங்கமான பையன்."

நேற்றேவா? தெரிந்துமா சிரித்தான்? தெரிந்துமா ஹெட்செட்டைக் கொடுத்துவிட்டுப் போனான்? அவளுக்கு முகமெல்லாம் எரிந்தது.

அந்த மேட்ச்சின் ரெக்கார்டிங்கைப் போட்டாள். அதை யாருடைய கண் வழியாகவும் திரும்பப் பார்க்கலாம். எப்போதும் தன் பக்கத்தை மட்டும் பார்ப்பவள், இன்று முதல்முறையாக ஆமையின் கண் வழியாகப் பார்த்தாள். அவள் முன்னே பாய்ந்தபோதெல்லாம் முதுகுக்குப் பின்னால் யாரோ வந்திருக்கிறார்கள். ஏழு தடவை அவன் தடுத்திருக்கிறான். அவளுக்கு ஒரு தடவைகூடத் தெரியாது!

கடைசி ரவுண்டில் அவள் குரலே கேட்டது. "ஆமை, படிக்கட்டை விடாத. நான் கூப்பிடுற வரைக்கும் நகராத." அப்புறம் படபடப்பில் மற்ற மூவரையும் கூப்பிட்டவள்... அவனைக் கூப்பிடவே மறந்திருக்கிறாள். அவன் பார்வை இரண்டு முறை கிடங்குப் பக்கம் திரும்பி, மறுபடி படிக்கட்டுக்கே வந்தது. பாவம், எப்படித் தவித்திருப்பான்!

"தப்பு என்னுதுண்ணா. எல்லார்கிட்டயும் சொல்லப் போறேன்."

"உனக்கென்ன பைத்தியமா? கேப்டனே தப்பு பண்ணேன்னு நின்னா, நாளைக்கு எவன் உன் பேச்சைக் கேப்பான்? சொல்றதுன்னா சொல்லு... அப்புறம் நீ கேப்டன் இல்ல."

பொண்ணுக்கு என்ன தெரியும் என்றவர்களிடம் இரண்டு வருடம் மல்லுக்கட்டி வாங்கிய இடம் அது. போனை எடுத்தாள், வைத்தாள். மறுபடி எடுத்தாள்... 'ஞாயிற்றுக்கிழமை தோற்றது என்னால். ஆமை நான் சொன்னபடிதான் நின்றார். கூப்பிட மறந்தது நான்.' கண்ணை மூடிக்கொண்டு எல்லோருக்கும் அனுப்பிவிட்டாள்.

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் அந்தக் கட்டடத்துக்கு ஓடினாள். லிஃப்ட் ஏது? அவன்தானே கழற்றிப் போட்டிருக்கிறான்! ஆறு மாடியும் படியேறினாள். கையில் ஸ்பேனரும் கன்னத்தில் கிரீசுமாக நின்றான் அவன்.

"கேப்டன்! என்ன இப்படி மூச்சு வாங்குது?"

"கேப்டன் இல்ல... அண்ணன் எடுத்துட்டான். இனிமே உத்தரவெல்லாம் அவனோடதாம். உங்க இடம் உங்களுக்கே. மெசேஜ் பாத்தீங்களா?"

"பாத்தேன். ஏங்க இப்படிப் பண்ணீங்க?"

"நீங்க ஏன் சொல்லல? 'நீதான நிக்கச் சொன்ன'ன்னு ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"எல்லார் முன்னாடியும் உங்களை விட்டுக்கொடுக்கச் சொல்றீங்களா?"

"சரி... டீம்ல இல்லன்னு தெரிஞ்சும் எதுக்கு ஹெட்செட் வாங்க வந்தீங்க?"

அவன் ஸ்பேனரைத் துடைத்தான். துடைத்ததையே திரும்பத் துடைத்தான். "உங்க அண்ணன் மேட்ச்சை நேரலையில போடுவாருல்ல... நீங்க பேசுறதும் அதுல வரும். என் பழசுல ஒரு காது போச்சு. ஆடத்தான் முடியாது, உங்க குரலையாவது முழுசா கேக்கலாமேன்னு..."

"பழசே தாங்கும்னீங்க?"

"பொய்."

அவளால் அதற்கு மேல் முடியவில்லை. "டீம் விஷயம்னா போன்லயே பேசியிருப்பேன். அதுக்கு யாராவது ஆறு மாடி ஏறுவாங்களா? நேத்துலேர்ந்து எனக்கு ஒரு வேலையும் ஓடல. உங்களை... உங்களைப் பிடிச்சிருக்கு. ஏதாவது சொல்லுங்க, இல்லன்னா நான் கீழ இறங்கிப் போயிடுவேன்."

"போயிடாதீங்க!" பதறியே போனான் அந்த நிதானக்காரன். "நீங்க திட்டுறதைக் கேக்கத்தான் ஆட்டம் இருக்குற நாளெல்லாம் வேலை முடிஞ்சதும் வீட்டுக்கு ஓடுறேன். எட்டு மாசமா எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு... ரொம்பப் பிடிச்சிருக்கு."

அவள் தூசி படிந்த அந்தப் படியிலேயே உட்கார்ந்து, நேற்றிலிருந்து முதல்முறையாக நிம்மதியாக மூச்சு விட்டாள்.