வியர்க்கும் குழல்

துணி கறுப்பாக வந்தது.

யாகூப் அதை ஜன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்தான். வெளிச்சம் என்று சொல்ல அங்கே பெரிதாக ஒன்றுமில்லை. ஐப்பசி மஞ்சு காலையிலேயே அட்டுவம்பட்டிச் சரிவில் ஏறி வந்து, பங்களாவின் தகரக் கூரையையும் பின்கட்டில் அவன் வேலை செய்யும் இந்தச் சின்ன அறையையும் மூடிவிட்டிருந்தது. பகல் பதினோரு மணிக்கே அரிக்கேன் விளக்கு எரிந்தது. ஆனாலும் கறுப்பு கறுப்புதான். சுட்ட குழலுக்குள் படிகிற மருந்துக் கரி. விரலில் பிசுபிசுக்கிற, அழுகிய முட்டை வாடை அடிக்கிற கரி.

இந்த மலைக்கு வந்ததிலிருந்து இந்தத் துப்பாக்கியை யாரும் சுடவில்லை.

கேப்டன் துரை தன் ஊரில் சொல்லிச் செய்வித்த கைத்துப்பாக்கி அது. தந்தப் பிடி, அதில் அவர் பெயரின் முதலெழுத்துகள். பர்மாவில் பிடித்த காய்ச்சல் தீர அவர் மூன்று மாதமாக இந்தக் கோடைக்கானல் மலையில் தங்கியிருந்தார். பட்டாளத்தில் துப்பாக்கி பழுது பார்க்கும் யாகூப்பைக் கூடவே அழைத்து வந்திருந்தார். பெட்டிச் சாவி யாகூப்பின் இடுப்புக் கயிற்றில் இருந்தது. தோட்டா ஏழும் அப்படியே இருந்தன. நேற்று மாலை, துணி பால் மாதிரி வெளுத்து வரும்வரை துடைத்துத்தான் பூட்டினான்.

எட்டு நாளாக இப்படி. பழனியிலிருந்து அவன் மனைவி ரபியா ஏறி வந்த மறுநாளிலிருந்து.

சுட்ட குழல் வியர்க்கும். பட்டாளத்தில் அவன் படித்த முதல் பாடம் அது. கொதிநீர் ஊற்றிக் கழுவி, காயவைத்து, எண்ணெய் பூசி வைத்தாலும் மறுநாள் இரும்புக்குள்ளிருந்து உப்பு கசியும். ஆகவே மூன்று நாள் கழுவ வேண்டும். மூன்றாம் நாளோடு அடங்கிவிடும். அடங்காத குழலை அவன் பார்த்ததில்லை. அதுவும், கடைசியாகச் சுட்டு எட்டு மாதமான குழல்.

நாளை வெள்ளனே துரை கப்பலுக்குக் கிளம்புகிறார். துப்பாக்கியும் போய்விடும். கடல் தாண்டிப் போய்விட்டால் அப்புறம் ரபியாவுக்கு எதுவும் தெரிய வழியில்லை. இன்று ஒரு நாள்தான். வெளியே போன துரை நாலு மணிக்குத் திரும்புவதற்குள் துணி ஒருமுறை வெளுத்து வந்தால் போதும்.

சமையல்காரர் மயில்சாமி குடையை மடக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார். "என்ன பாய், புள்ளய இன்னும் குளிப்பாட்டி முடிக்கலையா? தலப்பிள்ளக்காரி கூட இம்புட்டுத் தண்ணி ஊத்த மாட்டா."

"சோலியப் பாருங்க அண்ணே."

"அடுப்புல வெறகு எனக்குல்ல கரையுது." சிரித்துக்கொண்டே கடைத்தெருவுக்கு இறங்கினார். நாலு எட்டில் மஞ்சு அவரை விழுங்கியது. செருப்புச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு, தகரத்தில் நீர் சொட்டுகிற சத்தம்.

ரபியா கெண்டியில் கொதிநீர் கொண்டு வந்தாள். வைத்துவிட்டுப் போகவில்லை. கதவோரம் உட்கார்ந்துகொண்டாள்.

"என்னங்க."

"ம்."

"தொர நாளைக்குப் போயிட்டா அப்புறம் யாருகிட்டப் போயிக் கேக்குறது? நீங்க ஒரு வார்த்த சொல்லுங்களேன். எந்தம்பி ஓடிப்போற பய இல்லன்னு. பட்டாளத்துக் காயிதத்துல ஓடிட்டான்னு எழுதிக் கெடக்கு. போலீசு வந்து அரிசிப் பானைக்குள்ளயெல்லாம் கம்ப விட்டுக் குத்திப் பாத்துட்டுப் போறான். அம்மா வாசலுக்கு வர்றதே இல்ல."

"கேட்டாச்சு ரபியா. அவருக்குத் தெரியாதாம்."

"நீங்களும் அவனும் ஒரே கொட்டாயிலதான படுத்திருந்தீங்க. நீங்க பாக்காமயா போயிருப்பான்?"

அவன் கெண்டியை எடுத்தான். 

பர்மாவில், அரக்கான் காட்டில், மாசி மாதம், மூங்கில் கொட்டாய். விசை இன்னும் லேசாக இருக்கட்டும் என்று துரை சொல்லியிருந்தார். யாகூப் அரம் வைத்து இழைத்துப் பூட்டி, தோட்டா ஏற்றிப் பார்த்தான். பிறகு தோட்டா மேகசினை உருவிக் கீழே வைத்தான். உருவியாயிற்று, துப்பாக்கி காலி என்று நினைத்தான். குழலின் அடியில் ஒரு தோட்டா ஏற்கெனவே ஏறி நிற்கும் என்பது, எத்தனையோ பேருக்கு அவனே சொல்லிக்கொடுத்தது. எதிரே ரபியாவின் தம்பி இப்ராம்சா டீக் குவளையோடு உட்கார்ந்திருந்தான். "மச்சான், அக்காவுக்குக் காயிதம் போட்டியா?" என்றான். யாகூப் விசையைத் தொட்டுப் பார்த்தான். தொடத்தான் செய்தான்.

வெளியே குண்டு விழுந்துகொண்டிருந்தது. இந்த ஒரு வெடி யாருக்கும் கேட்கவில்லை.

குழலில் மருந்து வாடை இருக்கக்கூடாது. கையில் துணி இல்லை. இப்ராம்சா உடுத்தியிருந்த கைலியின் ஓரத்தைக் கிழித்து, கயிற்றில் கோத்து, குழலுக்குள் விட்டு இழுத்தான். கொதிநீர் இருந்தது. அதைக் குழலில் ஊற்றினான். மூன்று நாளும் ஊற்றினான். குளிப்பாட்டி அடக்க வேண்டிய மய்யித்துக்கு ஒரு குவளை ஊற்றவில்லை. அதே கைலியில் சுருட்டி, குண்டு பறித்த குழியில் தள்ளி, மண்ணை மூடிவிட்டு வந்து, ஓடிட்டான் சார் என்றான்.

"ஊத்துங்க, ஆறிறப் போவுது" என்றாள் ரபியா.

கழற்றிவைத்த குழலைத் தட்டின்மேல் நிறுத்தி ஊற்றினான். ஆவி எழுந்தது. அடியில் வழிந்த நீர் கறுத்திருந்தது, பிறகு செம்மண் நிறமானது. கோடைக்கானலில் எங்கும் இல்லாத மண் வாடை. மூங்கில் அழுகுகிற வாடை. தட்டைத் தன் பக்கம் இழுத்து மறைத்துக்கொண்டான். அவள் மூக்கு விடைத்ததைப் பார்த்தான். 

கயிற்றை எடுத்தான். ஒரு முனையில் பித்தளைக் குண்டு, மறுமுனையில் வளையம். வளையத்தில் வெள்ளைத் துணி ஒரு துண்டு, நாலு விரல் நீளம், கோத்தான். குண்டைக் குழலுக்குள் இறக்கி, வாய்ப்பக்கம் பிடித்து இழுத்தான்.

துணி வந்தது. வெள்ளை.

மூச்சு விட்டான். அப்போது கண்டான். வெள்ளைத் துணியின் நுனியில் இன்னொரு துணி முடிந்திருந்தது. நீலக் கட்டம் போட்டது. கிழிந்த ஓரம்.

அவன் அதைக் கோக்கவில்லை.

அறுத்துவிட நினைத்துக் கத்தியைத் தேடினான். கை தானாக இழுத்தது. இழுக்க இழுக்க வந்தது. ஒரு சாண். ஒரு முழம். சுண்டுவிரல் நுழைகிற துவாரத்திலிருந்து, நனைந்து, கனத்து, மண்ணோடு. மேஜையில் குவிந்தது. மடியில் வழிந்தது.

ரபியா எழுந்து வந்தாள்.

துணியின் விளிம்பைக் கையில் எடுத்தாள். பச்சை நூல் தையல். விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். தகரத்தில் நீர் சொட்டுவது நின்றிருந்தது.

"இது நான் தச்சது" என்றாள்.

"ரபியா..."

"பட்டாளத்துக்குப் போறப்போ தச்சுக் கொடுத்தேன். நூல் பத்தாம, கடைசி ஒரு சாண் மட்டும் செவப்பு." அவள் குரல் உயரவே இல்லை. "அந்தச் செவப்பு இன்னும் வரல. இழுங்க."

அவன் கையை விட்டான். கயிறு கையை விடவில்லை.

அவள் இழுத்தாள். மடித்தாள். இழுத்தாள். ஈரத் துணியை மடியில் அடுக்கிக்கொண்டே போனாள். பச்சை. பச்சை. பச்சை. பிறகு சிவப்பு.

அங்கே நின்றது. இறுகியது. உள்ளிருந்து யாரோ பிடித்திருப்பதுபோல இறுகியது.

குழலின் வாயில் ஏதோ வெளுப்பாகத் தெரிந்தது. நகம். கொதிநீரில் ஊறிச் சுருங்கிய ஒரு விரல்நுனி. துணியின் சிவப்பு ஓரத்தை அது விடாமல் பற்றியிருந்தது.

ரபியா தலைமுக்காட்டைச் சரிசெய்தாள். கெண்டியைத் தொட்டுப் பார்த்தாள்.

"இந்தத் தண்ணி காணாது" என்றாள். "அண்டாவ அடுப்புல ஏத்துங்க. தம்பியக் குளிப்பாட்டணும்."