ஐந்து கட்டை வேலி

புது வேலி எழுந்த மூன்றாம் நாள் காலையில் அதன் அடிக்கட்டை ஈரமாக இருந்தது. மழை இல்லை. மாசி வெயிலில் முற்றத்து மணல் பொரிந்துகொண்டிருந்தது. பூபதி விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான். உப்பு.

பக்கத்து வீட்டு இருசம்மாளின் ஒப்பாரி தாங்கவில்லை, அதனால்தான் ஓலை வேலியை மாற்றுகிறேன் என்று கோட்டைக்குப்பம் முழுக்கச் சொல்லியிருந்தான். அவள் புருஷன் முனியன் கடலோடு போய் நாற்பது நாள்தான் ஆகிறது. ஆனால் அவள் அழுகை இந்தப் பக்கம் வருவதா அவன் பயம்? தூக்கத்தில் தான் உளறுவது அந்தப் பக்கம் போய்விடக் கூடாதே என்பதுதான். கடலில் காற்று திரும்பிய அன்று, கட்டுமரத்தைப் பிடித்துத் தொங்கிய முனியனின் விரல்களைத் துடுப்பால் அடித்தவன் அவன். ஒருமுறை அல்ல, மூன்று முறை. மரம் இருவரையும் தாங்கியிருக்கும். என்றைக்கும் முனியனுக்கு இரண்டாம் ஆளாகவே இருக்க வேண்டுமே என்ற வயிற்றெரிச்சலைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

ஆளை விழுங்கிய கட்டுமரத்தை அவிழ்த்து, கட்டைகளைத் தனித்தனியே அலையில் விட்டுவிடுவது குப்பத்து வழக்கம். பூபதிக்கு மனம் வரவில்லை, நல்ல மரமாயிற்றே. ஐந்து கட்டைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடுக்கில் களிமண் அப்பி, மேலே இரட்டை ஓலை வைத்துச் சத்தம் புகாத வேலியாக்கினான். கைப்பழக்கம் பொல்லாதது. கடலுக்குப் போகும் அதே வரிசையில் அடுக்கி, அதே முடிச்சைப் போட்டிருந்தான்.

வெயில் ஏறியபோது இருசம்மாள் மீன்கூடையோடு வந்து நின்றாள்.

"இன்னா பூபதி, அவுரு மரத்தயா வேலியா கட்டிக்கினே?"

"அலைக்குக் குடுத்து இன்னா ஆவப்போவுது அண்ணி? நீயும் நிம்மதியா அழு, நானும் தூங்குறேன்."

"நீ எங்க தூங்குன? நாப்பது நாளா நீ உளர்றத கேட்டுக்கினுதானே இருக்கேன்." அவள் கட்டையை மெல்லத் தடவினாள். "நான் ஒண்ணும் கேக்கமாட்டேன். அவுரே கேட்டுக்குவாரு."

அவள் ஏரிப் பக்கம் நடந்துவிட்டாள். பூபதி கத்தி தேடி வீட்டுக்குள் போனான்.

உடனே அவிழ்த்துவிட வேண்டும். உலாந்தாக்காரரின் டச்சுக் கோட்டையில் உச்சிப்பொழுது மணி அடிக்கும்போது அவன் கத்தியோடு வேலியருகே குந்தினான். கயிறு நனைந்து இரும்பாக இறுகியிருந்தது. பாசியும் அழுகிய சிப்பியும் கலந்த நெடி மூக்கில் ஏறியது, அசையாத மணலின்மேல் நின்ற கட்டைகள் நடுக்கடலில் அலைமேல் உரசுவதுபோல் முனகின, களிமண் பெயர்ந்து இடுக்குகளிலிருந்து தண்ணீர் வழிந்து அவன் முழங்காலைச் சுற்றித் தேங்கியது. கத்தி மழுங்கியது. முடிச்சு நகர்ந்தது. தானாக.

திரும்பி ஓடினான்.

இரண்டே அடி. முதுகில் வேலி விழுந்தது. முகம் மணலில். மார்பைச் சுற்றிக் கயிறு. இடுப்பைச் சுற்றி. இன்னொரு சுற்று.

கத்தினான். தெருவில் யாரோ சிரித்துப் பேசிக்கொண்டு போனார்கள். யாருக்கும் கேட்கவில்லை.

தண்ணீர் ஏறியது. கட்டைகள் மிதந்தன. அடியில் அவன்.

மேலே யாரோ ஏறி உட்கார்ந்தார்கள். மரம் ஒருபக்கம் தாழ்ந்து நிமிர்ந்தது.

மூடமுடியாத கண்களுக்குக் கீழே முற்றத்து மணல் நகர்ந்தது. பிறகு தெரு மணல். பிறகு சிப்பிகள். பிறகு, அடியே தெரியாத பச்சை.